தோல் கலர் எந்த டப்பாவில் இருக்கிறது?

ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படம் வரையச் சொல்வது எங்கள் வழக்கம். பெற்றோரில் பலர் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், தக்காளி தரம் பிரிக்கிறவர்கள், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கப் போகிறவர்கள். கேரளத்துக்கு லாரி கிளம்ப வேண்டும் என்றால் அவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கள் பொறுப்பு.

அன்றைக்கு, “உங்களை நீங்களே வரைங்க” என்று சொல்லியிருந்தோம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இரட்டைச் சடை போட்டாள், ரிப்பன் கட்டினாள், பச்சைப் பாவாடை உடுத்தினாள். முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

“சார், என் டப்பால தோல் கலர் இல்ல.”

பக்கத்தில் இருந்த பையன் தன் டப்பாவிலிருந்து ஒரு கிரையானை எடுத்து நீட்டினான். வெளிறிய இளஞ்சிவப்பு. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘ஸ்கின்’ என்றே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. சிறுமி அதை வாங்கி முகம், கழுத்து, கை எல்லாம் தேய்த்து நிரப்பினாள்.

“இது யாரு கண்ணு?”

“நான்தான் சார்.”

“உன் கை இந்தக் கலர்லயா இருக்கு?”

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. தாளின் மேல் இருந்த கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை தன் கையை எதற்காக ஒளிக்க வேண்டும்? அடுத்த சில வாரங்கள் நாங்கள் செய்த வேலையெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

ஒரு கிரையானின் கதை

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இதே வெளிறிய நிறத்துக்கு ‘சதை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டி விற்றுவந்தது. கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் அங்கே வலுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1962-இல், அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘பீச்’ என்ற பழத்தின் பெயரை வைத்தது. மனிதத் தோலின் 24 சாயல்களைக் கொண்ட தனிப் பெட்டி ஒன்றை அதே நிறுவனம் அறிவித்தது 2020-இல். பெயரை மாற்றியதற்கும் மற்றவர்களின் நிறத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்ததற்கும் இடையில் 58 ஆண்டுகள்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. பெங்களூருவில் சட்டம் படித்த மாணவர் ஒருவர், இப்படிப் பெயரிட்ட கிரையானை எதிர்த்து நுகர்வோர் மன்றத்தின் படியேறினார். அப்படியும் எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய டப்பாவில் ‘ஸ்கின்’ இருந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து முழுதாகத் தெரிவதற்கு முன்பே அந்தக் கிரையானின் பொருள் தெரிந்துவிடுகிறது. தோல் என்றால் இப்படி இருக்க வேண்டும், அப்படி இல்லாதது ஏதோ குறை என்று டப்பா சொல்லிவிடுகிறது.

புதுக் கிரையான் தேடிக் கடை கடையாக அலைவதில் பயனில்லை என்று முடிவு செய்தோம். கடையில் இல்லாத நிறத்தைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும்.

பெயிண்டர் எடுத்த பாடம்

மெழுகுக் கிரையான்களை ஒன்றின் மேல் ஒன்று தேய்த்தால் ஓரளவுக்குக் கலக்கும், குழையாது. அதனால் அடுத்த வாரம் அவற்றை ஒதுக்கிவிட்டு, தண்ணீரில் கரையும் போஸ்டர் கலரில் நான்கே புட்டி வாங்கினோம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. கறுப்பு வாங்கவில்லை. கலர் குழைக்கக் கொட்டாங்குச்சி, கலக்க ஐஸ் குச்சி.

பாடம் நடத்தியவர் எங்களில் யாருமில்லை. வந்திருந்த ஒரு பையனின் அப்பா. வீட்டுச் சுவர்களுக்கு பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். வெள்ளையில் ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வீட்டுக்காரர் காட்டும் அட்டையின் சாயலை அப்படியே கொண்டுவருகிற கை. “இருபது வருசமா ஊரு சுவருக்கெல்லாம் கலர் கூட்டுறேன். எம் பையனுக்கு ஒருநாளும் சொல்லிக் குடுத்ததில்ல” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அவர் ஒரு விதியோடு தொடங்கினார். எந்தக் கலரும் எந்தக் கலரும் சேர்ந்தால் என்ன வரும் என்று பெரியவர்கள் முதலில் சொல்லக் கூடாது. பிள்ளைகள் ஊகிக்க வேண்டும், பிறகு கலக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சளையும் நீலத்தையும் காட்டி, “என்ன வரும்?” என்றார். கறுப்பு என்றான் ஒருவன். சிவப்பு என்றாள் ஒருத்தி. கொட்டாங்குச்சியில் பச்சை திரண்டபோது எழுந்த கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அடுத்த விதி, வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சொட்ட வேண்டும். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விட்டால் வாழைக்குருத்துப் பச்சை. இரண்டு சொட்டில் அவரைக்காய். இன்னும் கொஞ்சம் விட்டால் முருங்கைக்கீரை. மாற்றிச் செய்து நீலத்தில் மஞ்சளைச் சொட்டினால் அரைப் புட்டி மஞ்சள் தீர்ந்தாலும் பச்சை எட்டிப் பார்க்காது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்ததைப் பிள்ளைகள் ‘கேரட்’ என்றார்கள், சிவப்பும் நீலமும் சேர்ந்ததைக் ‘கத்தரிக்காய்’ என்றார்கள். சந்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறத்தின் பெயரைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கத்தரிக்காய் நிறம் மட்டும் முதலில் மங்கலாக வந்தது. செங்கல் சாயல் கொண்ட சிவப்பை விட்டு, பீட்ரூட் சாயல் கொண்ட சிவப்பை எடுத்தால் ஊதா தெளிவாக வரும் என்பது பெயிண்டர் சொன்ன தொழில் நுணுக்கம்.

ஏன் பச்சை வருகிறது என்று பெரிய பிள்ளைகள் கேட்டார்கள். வெயிலின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் அதில் நீலத்தை விழுங்கிவிட்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. நீல பெயிண்ட் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்து விழுங்கியது போக மிச்சம் இருப்பது பச்சை. அதுதான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

“கெட்டுப்போச்சு சார்”

பிறகுதான் அது நடந்தது. ஒரு பையன் ஆர்வ மிகுதியில் மூன்று கலரையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டான். கொட்டாங்குச்சியில் ஒரு பழுப்புக் குழம்பு. அவன் முகம் சுண்டிப்போயிற்று. “கெட்டுப்போச்சு சார்” என்று சொல்லி வெளியே கொட்டப் போனான்.

பெயிண்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் குழம்பில் குச்சியைத் தோய்த்துத் தன் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். கோடு தெரியவில்லை. கிட்டத்தட்ட அவர் தோலோடு ஒட்டிப்போய்விட்டது.

“கெட்டுப்போகல தம்பி. இது நான்தான்.”

அதன் பிறகு யாரும் பச்சையைத் தொடவில்லை. எல்லோருக்கும் அவரவர் கை வேண்டியிருந்தது. முதலில் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து ஆரஞ்சு. அதில் குச்சி நுனியால் தொட்டு நீலம். வெளிறச் செய்ய வெள்ளை, அடர்த்தியாக்க இன்னொரு துளி நீலமும் சிவப்பும். கலந்ததைக் கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டு தெரிந்தால் இன்னும் கூட்ட வேண்டும், மறைந்தால் அதுதான் கலர். பெரிய பிள்ளைகள் கணக்கும் எழுதிக்கொண்டார்கள். மஞ்சள் நான்கு, சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று என்று. விகிதம் என்ற பாடம் வகுப்பில் வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது.

கண்டுபிடித்த நிறங்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னோம். புளி, டீ, கருப்பட்டி, கடலைத் தொலி, செம்மண், மழை நனைந்த செம்மண். இருபது பிள்ளைகளில் இருவரது நிறம் ஒன்றுபோல் வரவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருத்தி ‘கடலைத் தொலி’, இன்னொருவன் ‘கருப்பட்டி’.

கறுப்புப் புட்டி வாங்காததற்குக் காரணம் உண்டு. கறுப்பை ஊற்றினால் பழுப்பு செத்த நிறமாகிவிடும். அடர்ந்த தோலின் மினுக்கம் சிவப்பும் நீலமும் சேர்ந்து வர வேண்டியது. இதைச் செய்து பார்த்த பிறகு, கையை ஒளித்த அந்தச் சிறுமி கேட்டாள். “நீலம் இல்லாட்டி நம்ம கலர் வராதா சார்?” கூடத்தின் சுவரில் அம்பேத்கர் படம் இருந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். “வராதும்மா” என்றேன்.

தோலுக்கு நிறம் தருவதில் முக்கியமானது மெலனின் என்ற நிறமி. எல்லோர் உடம்பிலும் அது உண்டு. அளவும் வகையும்தான் கூடும், குறையும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து உடம்பைக் காப்பது அதன் வேலை. பிரேசில் நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஆஞ்சலிக்கா டாஸ், உலகம் முழுதும் ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுத்து, ஒவ்வொருவர் தோலின் நிறத்தையும் அச்சகங்கள் பயன்படுத்தும் நிற அட்டையோடு பொருத்தி வருகிறார். வெள்ளைத் தோல் என்றும் கறுப்புத் தோல் என்றும் பேசுகிறோம். அவர் படங்களில் சுத்த வெள்ளையும் இல்லை, சுத்தக் கறுப்பும் இல்லை. எல்லாமே ஏதோ ஒரு கலவை.

மாமையும் வர்ணமும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதிக்கு நிறம் கிடையாது. அந்தந்த வட்டாரத்துப் பார்ப்பனரும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டவரும் ஒரே இன மரபினர்தான் என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே அம்பேத்கர் வாதிட்டார். எந்த ஊர்த் தெருவில் நின்று பார்த்தாலும் எல்லாச் சாதியிலும் எல்லாச் சாயலும் தெரியும். ஆனாலும் கறுப்பு என்ற சொல் நம் பிள்ளைகள் மேல் வசையாகத்தான் விழுகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் சட்டம் பாயும் என்று பயப்படுகிற வாய், நிறத்தைச் சொல்லித் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி வருத்தம். சங்க இலக்கியத்தில் பெண்ணின் அழகைச் சொல்லும் சொற்களில் ஒன்று மாமை. மாந்தளிரின் நிறம். காதலன் பிரிந்த துயரத்தில் அந்த மாமை அழிந்து உடம்பில் வெளிறிப் படர்வது பசலை. அதாவது, நம் பழம்புலவர்களுக்கு மாந்தளிர் நிறம் நலத்தின் அடையாளம், வெளிறிப்போவது நோய். மாநிறம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதில் மாந்தளிர்தான் இருக்கிறது. பசலையைத் தோலின் நிறம் என்று கிரையான் டப்பாவில் விற்கிறார்கள். நாமும் வாங்கிக் கொடுக்கிறோம்.

வர்ணம் என்ற சொல்லையும் கவனியுங்கள். அதற்கு நிறம் என்றும் பொருள், நால்வகைப் பிரிவு என்றும் பொருள். நிறங்கள் கலப்பதைக் குழந்தை கைதட்டிக் கொண்டாடுகிறது. வர்ணங்கள் கலப்பதைச் சாத்திரம் பாவம் என்கிறது. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் அஞ்சி நடுங்குவது வர்ண சங்கரம் என்ற இந்தக் கலப்புக்குத்தான். மனுவின் நூல் பத்தாம் அத்தியாயத்தில், கலந்து பிறந்தவர்களுக்கெல்லாம் இழிந்த பெயரும் இழிந்த தொழிலும் எழுதி வைத்தது. சாதியை ஒழிக்க உண்மையான மருந்து எது என்று கேட்டு, கலப்பு மணம் என்று பதில் சொன்னார் அம்பேத்கர். அந்த உரையை லாகூரில் நிகழ்த்த அவரை அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்தார்கள். அவர் அதைத் தன் செலவில் அச்சிட்டார்.

“கெட்டுப்போச்சு” என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு இவ்வளவும் நினைவுக்கு வந்தது. கலந்தால் கெட்டுப்போகும் என்பதை அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. காற்றில் இருக்கிறது.

மணிக்கட்டில் ஏறும் நிறம்

ஆறு வயதில் குழந்தையின் கையில் நாம் கொடுக்காத நிறத்தைப் பதின்மூன்று வயதில் வேறு யாரோ கட்டிவிடுகிறார்கள். பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறங்களில் கயிறு கட்டுகிறார்கள், அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்று 2019-இல் பள்ளிக் கல்வித் துறை முதன்மைக் கல்வி அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பயிற்சி ஐ.ஏ.எஸ். அலுவலர்கள் கொடுத்த தகவலின் பேரில் அனுப்பப்பட்ட அந்தச் சுற்றறிக்கைக்கே எதிர்ப்புக் கிளம்பியது.

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தடை வேண்டும். ஆனால் கயிறு மணிக்கட்டுக்கு வரும் வயதில் மட்டும் அதை அவிழ்க்கப் பார்ப்பது போதாது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கொட்டாங்குச்சியில் கலர் குழைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் அங்கன்வாடிதான், தொடக்கப் பள்ளிதான்.

ஓவிய ஆசிரியர் எங்கே?

அங்கே யார் இருக்கிறார்கள்? 2012-இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. அந்த நியமனம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியர் வேண்டும் என்று சொல்வதும் அந்த வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத்தான். காலனியை ஒட்டிய ஈராசிரியர் தொடக்கப் பள்ளி இந்தக் கணக்கில் எங்கும் வராது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் கிரையானும் வண்ணப் பென்சிலும் தருகிறது. நல்ல திட்டம். அதோடு நான்கு புட்டி கலரும் ஒரு தூரிகையும் சேர்ந்தால் செலவு பெரிதாக ஏறிவிடாது. டப்பாவில் ‘ஸ்கின்’ என்ற பெயர் இருக்கக் கூடாது என்று கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்க்கப் பணமே தேவையில்லை.

அதுவரை அங்கன்வாடிப் பணியாளர்களும் நம் இளைஞர்களும் காத்திருக்க வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கலர் போதும். கனமான கண்ணாடிக் கவரில் ஆளுக்கொரு கரண்டி விட்டு வாயை இறுக ஒட்டிக் கொடுத்தால், வெளியிலிருந்தே பிசைந்து கலக்கிக்கொள்ளும். வாயில் வைக்கும் என்ற பயமும் இல்லை. நான்கு, ஐந்து வயதுக்கு விரலே தூரிகை. கடைக் கலர் வாங்க முடியாவிட்டால் அடுப்படி இருக்கிறது. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர், சந்தையில் கழித்துப் போடும் பீட்ரூட்டின் சாறு, வெந்நீரில் ஊறிய நீலச் சங்குப்பூ. மூன்று மூல நிறமும் ஆயிற்று. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதையும் காட்டலாம். அது நிறக் கலப்பு இல்லை, ரசாயன மாற்றம் என்று பெரிய பிள்ளைகளுக்கு விளக்கலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

பெயிண்டர்களையும், சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் ஏற்றுகிறவர்களையும் பள்ளிக்கு அழையுங்கள். கலர் கூட்டத் தெரிந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது ஞாயிறு, பிள்ளைகள் மறுபடி தங்களை வரைந்தார்கள். தாள்களைக் கூடத்தின் சுவரில் ஒட்டி வைத்தோம். மாலையில் சந்தையிலிருந்து திரும்பிய தாய்மார்கள் வந்து பார்த்தார்கள். எந்தத் தாளிலும் பெயர் எழுதவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா, வெங்காயத் தோல் ஒட்டிய கையோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு தாளின் முன் நின்றார்.

“இது எம் புள்ளதான?” என்றார்.

சிறுமி ஓடிவந்து தன் கையை நீட்டித் தாளின் மேல் வைத்துக் காட்டினாள்.